ஆணி அடிக்காத மாதங்கள்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் ஒவ்வோர் அடியும் வயிற்றுப் பிள்ளையின் மேல் விழும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. அம்மா உண்டாகியிருந்த அந்த மழைக்காலத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபினில் இருந்த எங்கள் பலகை வீடு முழுவதும் துருவும் தாரும் ஈரக் கோணியும் கலந்த வாடை வீசியது. கூரைத் தகரங்கள் ஆணித் துளைகளைச் சுற்றி அரித்துப்போய், பிற்பகல் மழை இறங்கும்போதெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் சொட்டியது. புது நாட்காட்டியைக்கூட மாட்டாமல் அரிசி டின்மேல் சாய்த்து வைத்திருந்தோம்.

மோட்டார் சைக்கிள் நிறுத்துவது முதல் கோழி வளர்ப்பது வரை எதிலும் ஒத்துப்போகாத எங்கள் தெரு, இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பேசியது. நாங்கள் 'ஆ சோ' என்று அழைத்த பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி, எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தார், எல்லாருக்குமே அது 'பந்தாங்', செய்யக் கூடாத காரியம். மீறிப் பார்க்கும் துணிவு எங்களுக்கும் இல்லை. எனக்குப் பிறகு இரண்டு முறை சுமந்த அம்மா, இரண்டு முறையும் மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடுதான் திரும்பியிருந்தார்.

அப்பா, கேமரன் மலைக் காய்கறிகளுக்குப் பலகைப் பெட்டி செய்யும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அம்மா மறுபடி உண்டானது தெரிந்த வாரமே அதை விட்டுவிட்டு, லாரியில் சுமை ஏற்றி இறக்கும் 'கெலிண்டான்' வேலைக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "சும்மாத்தான், நாலு ஊரு பாக்கலாம்ல" என்று மழுப்பினார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, அண்ணாந்து பார்த்துவிட்டு மொத்தக் கூரையையும் பிரித்தாக வேண்டும் என்றார்.

"அண்ணே, இது கூரை இல்லலா, சல்லடை. அண்ணி மாவு சலிக்கலாம்."

"புள்ள பொறக்கட்டும்டா. அதுவரைக்கும் ஒட்டுப் போட்டுச் சமாளிப்போம்."

"அதுக்குள்ள வீட்டுக்குள்ளயே மீன் பிடிச்சிச் சாப்பிடலாம்."

மறுவாரம் சித்தப்பா புதுத் தகரங்களைக் கொண்டுவந்து பின்சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். அப்பா அவற்றைத் தொடவில்லை. கோணியைக் கீறித் தாரில் தோய்த்துத் துளைகளின் மேல் ஒட்டினார். தளர்ந்த தகரங்களை ஆணியால் இறுக்காமல், பழைய லாரி டயர்களை ஏற்றி அழுத்தி வைத்தார். ஒட்டிய இடம் நின்றது. அதற்கு அடுத்த இடம் ஒழுகியது.

ஒரு மாலை, காற்றோடு வந்த மழையில் படுக்கைக்கு மேலிருந்த தகரம் எழும்பியது. டயர் உருண்டு ஆ சோவின் மிளகாய்ச் செடிகளில் விழ, தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் படுத்திருந்த அம்மாவின் மேல் கொட்டியது. வேலையிலிருந்து நனைந்து வந்த அப்பா, நடந்ததைக் கேட்டதும் தார் டின்னைத் தூக்கினார். ஈரக் கைலியோடு நின்றிருந்த அம்மா அவரைத் தடுத்தார்.

"தாரை வைங்க. சுத்தியல எடுங்க."

"பந்தாங். நீ சும்மா இரு."

"போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் இந்த வீட்டுல யாருங்க ஆணி அடிச்சா?"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவோரம் நிற்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நான் அடிச்சேன்," என்றார். "பட்டறையில. நாள் முழுக்க அதத்தானே அடிச்சேன்."

இரண்டு பிள்ளைகளின் இழப்பையும் அவர் தம் கையின் மேலேயே சுமத்தி வைத்திருந்தார் என்பதும், பட்டறையை விட்டது ஊர் பார்க்க அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அம்மா அவரை முக்காலியில் உட்காரவைத்துத் தலையைத் துவட்டினார்.

"அந்தச் சம்பளத்துலதாங்க நானும் சாப்பிட்டேன், நம்ம மகளும் சாப்பிட்டா. புள்ளைங்க எதுனால போச்சுன்னு டாக்டருக்கே தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"இனிமே ஒட்ட வேணாம். எல்லாத்தையும் பிரிச்சிப் போடுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். பழைய தகரங்கள் இறங்கி, வீடு வானத்தைப் பார்த்து நின்றது. அம்மா அடுப்படியில், திறந்த வெளிச்சத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதல் புதுத் தகரத்தைச் சட்டத்தில் பொருத்திய அப்பா சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை.

"அண்ணே, அடிங்கலா! மழ உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

அம்மா நிமிர்ந்து பார்த்துத் தலையை அசைத்தார். அப்பா அடித்தார்.

அந்த ஓசை கேட்டதும் "ஜாங்கான்! ஜாங்கான்லா!" என்று தடுத்துக் கத்திக்கொண்டு ஆ சோ ஓடி வந்தார். "தாப்பா, ஆ சோ, தாப்பா," ஒன்றும் ஆகாது என்று அம்மா சிரித்தார். ஆ சோ சமாதானமாகவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லை. அம்மாவின் அருகே உட்கார்ந்து, குழந்தையின் காதுகளைப் பொத்துவதுபோல் அம்மாவின் வயிற்றை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். மேலே வேலை முடியும்வரை அந்தக் கைகளை எடுக்கவே இல்லை.

அதன்பின் அம்மா ஒவ்வொரு முறை கிளினிக்குக்குப் போனபோதும், திரும்பி வரும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில் தம்பி பிறந்தான். மருத்துவமனைக் கூடம் முழுவதும் கேட்கும்படி அழுதான். ஆணி அடித்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. சிறிது காலம் கழித்து அப்பா தம் பட்டறைக்கே திரும்பினார்.

அந்தப் பட்டறை இன்று இல்லை. காய்கறிகள் நெகிழிக் கூடைகளில் மலையிறங்குகின்றன. தெருவின் பலகை வீடுகள் பெரும்பாலும் கல் கட்டடங்களாகிவிட்டன. ஆ சோவைப் பிள்ளைகள் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்ற பிறகு, அவருடைய மிளகாய்ப் பாத்தியின் மேல் கார் நிறுத்துமிடம் வந்துவிட்டது. சித்தப்பா முதலிலும், சில ஆண்டுகள் கழித்து அப்பாவும் இறந்துபோனார்கள். அவர்கள் போட்ட தகரங்களும் காலம் முடிந்து இறங்கிவிட்டன. இப்போதிருப்பது வெயிலைத் தடுக்கும் புதுவகைக் கூரை.

அதன் கீழே அம்மாவும் தம்பியும் இருக்கிறார்கள்.