தெருமுனைத் தூணில் என் பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இரண்டு புத்தகம் படித்தால் நாலு பேரிடம் சொல்லாமல் சோறு இறங்காது. ஆனையூரில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், டீ வரத் தாமதமானபோது, பழைய எகிப்தின் ஒபிலிஸ்க் தூண்களைப் பற்றி ஆரம்பித்தேன். ஒரே கல்லில் வெட்டிய நெடுந்தூண். கோயில் வாசலில் ஜோடியாக நிற்கும். கூர்நுனியில் பொன்தகடு போர்த்தி, சூரியக் கடவுளின் முதல் ஒளியை வாங்கும். நாலு பக்கமும் அரசனின் பெயரும் பெருமையும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பின்னால் வந்த சில அரசர்கள் முன்னவன் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சங்கத் தலைவர் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருமுனையில் ஆளுயரக் கருங்கல் தூண் ஒன்று உண்டு. தெருவுக்குப் பாதை விட்டவர் ஒரு விவசாயக் கூலி. பாடுபட்டு வாங்கிய துண்டு நிலத்தில் பாதியைச் சும்மா கொடுத்தவர். அந்தத் தூணில் இருந்தது அவர் பெயர்.

கூட்டம் முடிந்த சில நாளில், தலைவர் ஏற்பாட்டில், தூண் மேலூர்க் கல் பட்டறைக்குப் போய்த் திரும்பியது. நுனி கூராகியிருந்தது, மேலே தங்கக் கலர் பெயின்ட். அவர் பெயர் இருந்த இடத்தில் நிர்வாகிகள் ஐந்து பேர். கடைசியில், 'ஆலோசகர்' என்று நான்.

அன்றே அவர் மகள் என் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ்.

"எங்க அய்யா பேரு எங்கண்ணே? பத்திரத்துலகூட அவரு கைநாட்டுத்தான். எழுத்தா நின்னது அந்தக் கல்லுல மட்டுந்தான்."

ஆத்திரத்தில் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"நீங்கதானண்ணே சொன்னீங்க, ராசாக்களே அப்பிடித்தான் பண்ணுனாய்ங்கன்னு."

"அது களவாணித்தனம்யா."

"அன்னைக்கு அப்பிடிச் சொல்லலையே. சிரிச்சுக்கிட்டுல்ல சொன்னீங்க."

உண்மைதான். அதுதான் இன்னும் எரிகிறது.

"என் பேர எடுத்துட்டு அவரு பேரப் போடு."

"ஒங்க பேரு, ஒங்க இஷ்டம். மத்த அஞ்சையும் தொடக் கூடாது."

மறுநாள் பட்டறைக்காரரை நானே கூட்டிவந்தேன். என் புகழ் கால் மணி நேரத்தில் பொடியாக உதிர்ந்து என் சட்டையிலேயே விழுந்தது. அவர் விட்ட பாதையில் நடக்கிற ஐந்து பேருக்குக் கீழே, அவருக்கு ஒரு வரி. அதற்குமேல் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

பட்டறைக்காரர் முதல் எழுத்தில் உளியை வைத்ததும் மகள் கிட்டே வந்தார்.

"ஆழமா வெட்டுங்கண்ணே. இன்னொருத்தன் அழிக்க வந்தா, கல்லே ஒடையணும்."