கீழே பார்த்துப் பறந்த கதை

விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதல் கேள்வி, "எங்க, கொழும்பிலயா?" இரண்டாவது கேள்வி, "அப்ப கல்யாணம்?" மூன்றாவது கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கு விமானத்தை ஏற்றத் தெரியும், திருப்பத் தெரியும், இறக்கத்தான் தெரியாது என்று.

இறக்குவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓடுபாதைக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு வந்ததும் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் கண் ஓடுபாதையின் கடைசியில் இருக்க வேண்டும். நானோ கூரை உயரத்தில் இருக்கும்போதே தரை வந்துவிட்டது என்று பதறித் தூக்கிவிடுவேன். விமானம் அந்தரத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொம்மென்று விழும். "கடைசியைப் பார்" என்று பயிற்றுநர் ஒவ்வொரு தடவையும் கத்துவார். "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் சேர்" என்று நானும் கத்துவேன். ஒரு நாள் அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லீவு முடிந்து வந்ததும் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே விழுந்தால் வேறு படிப்பு பார்த்துக்கொள்வது நல்லது என்றும் அமைதியாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பழகிப் பார்க்க விமானத்துக்கு எங்கே போவது? கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும் சிமியுலேட்டர் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அண்ணன். பதுளையில் போன் கடை வைத்திருக்கிறான். என் படிப்பு அந்தக் கடையை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே அந்தப் படிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமையும் அவனுக்கு இருக்கிறது. அந்த உரிமையை அவன் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

"ரியலா இருக்கணும் தங்கச்சி. அதான் முக்கியம்," என்றான்.

ரியல் என்றால் அண்ணன் அகராதியில் கனம். எந்தச் சாமானையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, கை இறங்கினால் நல்ல சாமான் என்பான். அப்படித் தூக்கிப் பார்த்து முதலில் எடுத்து வந்தது கார் பந்தய விளையாட்டுக்குரிய ஸ்டியரிங்.

"இது கார் ஓட்டுறதுக்கு உள்ளதுண்ணே."

"ஸ்டியரிங் இருக்கு. மிதிக்க மூணு பெடல் இருக்கு. இன்னும் என்னா வேணும்?"

"ப்ளேன்ல ரெண்டு பெடல்தான். வலதுல மிதிச்சா மூக்கு வலது பக்கம் போகும், இடதுல மிதிச்சா இடது பக்கம்."

"அப்ப ஒரு பெடல் மிச்சம். நல்லதுதானே."

அடுத்து ஒரு ஜாய்ஸ்டிக் கொண்டுவந்தான். அதில் சுடுவதற்கென்றே சிவப்புப் பட்டன் இருந்தது. யாரைச் சுட வேண்டும் என்பது எனக்கு அந்த நேரத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

கடைக்கு வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. டுபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்த அனுபவத்தை வைத்து, சுவர் அகலத்துக்கு டீவி இல்லாமல் விமானம் பழகவே முடியாது என்றார். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தவர், உட்காரும் நாற்காலி உதற வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன பயிற்சி என்றார். உதறலுக்கு என்னிடம் பஞ்சமில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. நான் ஓட்டுவது இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் என்று கேட்டதும் கடையே கவலைப்பட்டது. "ரெண்டு பேர் போறதுக்கா இவ்வளவு படிப்பு? நம்ம த்ரீவீல்லயே மூணு பேர் போறாங்களே," என்றான் அண்ணன்.

எனக்கு வந்ததே கோபம். கடை வாசலில் வைத்தே சண்டை போட்டேன். விமானத்துக்குரிய கைப்பிடி ஒன்று, சரியான பெடல் ஒரு சோடி, சாதாரணத் திரை ஒன்று, இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கினான். கூடவே, யாரும் வாங்காமல் கடையில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு குட்டிக் கேமராவையும் பெட்டிக்குள் போட்டான். அதைத் திரைக்கு மேலே வைத்தால் நம் தலை திரும்புகிற பக்கம் காட்சியும் திரும்புமாம். "சும்மா வச்சுக்க," என்றான். தள்ளிவிடுகிறான் என்று புரிந்தது.

சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வரிசையில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே விமானம் வந்து நின்றது. புது வண்டி வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். சக்கரம் இல்லாததால் அம்மா இரண்டு பெடலுக்கு அடியிலும் வைத்துவிட்டு, "மிதி," என்றார். மிதித்தேன். வலது பெடல் இன்றைக்கும் கொஞ்சம் பிசுபிசுப்புதான்.

இனி எந்த சிமியுலேட்டரைப் போடுவது என்ற வழக்கு. ஒன்றில் காட்சி மங்கல், ஆனால் விமானம் விமானம் மாதிரி நடந்துகொள்ளும். இன்னொன்றில் உலகம் முழுவதும் கண்ணைப் பறிக்கிற அழகு. அண்ணன் அழகின் பக்கம். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று எங்கள் தோட்டத்துக்கு மேலேயே பறந்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரை தெரிகிற இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் தானே ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறது போலிருக்கிறது. எங்கள் லயம் இருந்த இடத்தில் வரிசையாக மாடி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், முன்னால் புல் தரை. ஓரத்து வீட்டுக்குக் கார் நிறுத்தும் கொட்டகை வேறு. தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது வருகிறது என்று சொல்லப்பட்ட தனி வீடு கடைசியில் இன்டர்நெட் வழியாக வந்து சேர்ந்தது.

அதன் பிறகு எனக்கு எங்கே பயிற்சி? தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கிலிருந்துகூட ஆட்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். கார்க் கொட்டகை வீடு யாருடையது என்பதில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள போய்ப் பாக்க ஏலாதா?"

"எறங்க எடமில்லம்மா," என்றேன்.

"இதுதான் ரியலா?" என்று அண்ணனிடம் பாய்ந்தேன்.

"ரியல விட நல்லாருக்கு. அது தப்பா?"

அழகானதை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு மங்கலானதைப் போட்டுக்கொண்டேன். பறந்தேன், இறங்கினேன், விழுந்தேன். அச்சு அசலாக அதே தொம். அந்த விதத்தில் சிமியுலேட்டர் மிகவும் ரியல்தான். லீவு கரைந்துகொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் அந்தத் தூசிக் கேமராவை எடுத்து மாட்டினேன்.

மாட்டியதும் புது வியாதி ஒன்று வந்தது. வானத்தில் போகும்வரை காட்சி ஒழுங்காக இருக்கிறது. இறங்கும் நேரத்தில் மட்டும் திரை தானாகச் சரிந்து, ஓடுபாதையை விட்டுவிட்டு, மூக்குக்கு நேர் கீழே இருக்கும் தரையைக் காட்டுகிறது. பழுதான சாமானைத் தங்கச்சி தலையில் கட்டியிருக்கிறாய் என்று போனில் திட்டினேன். அண்ணன் அடுத்த பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. புல்லில் போய் இறங்கினான். ஆனால் திரை மட்டும் அசையவில்லை, கடைசிவரை நேராகவே நின்றது.

"எனக்கு நல்லாத்தானே வேல செய்யுது," என்றான். பிறகு, "அம்மா, நீ ஒருக்கா உக்காரும்மா," என்றான்.

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் திரை நேராக விமானத்தின் தரைக்குப் போயிற்று. பெடல் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"நிமிந்து பாரும்மா."

"நிமிந்துதான்டா இருக்கேன்."

அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் சேர் என்று நான் கத்தியது என் காதிலேயே கேட்டது. கேமராவில் ஒரு பழுதும் இல்லை, குனிந்தது என் தலைதான்.

"கீழ பாத்து நட." என் அம்மா எனக்குச் சொன்ன எல்லாப் புத்திமதியும் இந்த மூன்று வார்த்தைதான். சின்ன வயதில் அதற்குக் காரணம் வழுக்குகிற படிக்கட்டும் காலில் ஏறும் அட்டையும். நான் பெரியவளானதும் வார்த்தை அதேதான், காரணம் மட்டும் மாறிற்று. தலையை நிமிர்த்திக்கொண்டு தேயிலை அரைக்கும் ஸ்டோர் பக்கம் போகிற பெண்ணைப் பற்றி லயத்தில் என்ன பேசுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். நல்ல பிள்ளையாக நானும் கேட்டு நடந்தேன். ஆகாயத்துக்குப் போயும் கேட்டு நடந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

மறுநாள் அந்தியில் நான் உட்கார்ந்தபோது பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். ஓடுபாதை நெருங்கியது. திரை சரியத் தொடங்கியது.

"குனியிற," என்றார். "தூர பாருடி."

லீவு முடியும்வரை இதே வேலை. "தூர பாரு, தூர பாரு" என்று பக்கத்துக் காம்பராவரைக்கும் கேட்டது. எனக்குக் கண்ணில் கோளாறு என்று ஒரு கதையும் தோட்டத்தில் கிளம்பியது.

சோதனை நாளன்று பயிற்றுநர் வாயே திறக்கவில்லை. ஓடுபாதை மேலே ஏறி வருவது போலிருந்தது, கழுத்து தன்பாட்டில் மடங்கியது. "தூர பாருடி" என்று காதுக்குள் கேட்டது. அம்மாவின் குரலுக்கு நான் பயந்தவள். நிமிர்ந்தேன். கடைசியில் நிற்கும் மரங்கள் தெரிந்தன. சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை இறக்கச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, இனி தனியாகப் போய் வா என்றார்.

தனியாகப் போய் வந்தேன். அடுத்த லீவுக்கு அம்மா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தார். மழை பெய்து விட்டிருந்தது. படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறியவர் வழக்கம்போல, "கீழ பா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா, ஒங்க மக இப்பல்லாம் தலைய நிமித்திக்கிட்டு நடக்குது?"

அம்மா நின்று அவரை நேராகப் பார்த்தார். "அவ அப்படித்தான் நடப்பா. அட்ட கடிச்சா கடிக்கட்டும்."

காம்பராவுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். அட்டை கடித்துக்கொண்டுதான் இருந்தது. அம்மா உப்பை எடுத்து வந்து என் காலடியில் உட்கார்ந்தார்.