கறுப்புச் சட்டமும் வாசுகி மேஸ்திரியும்

குன்னூரில் பெயிண்ட் வேலைக்கு நல்ல ஆள் யார் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் சுற்றிவளைத்துக் கடைசியில் வாசுகி மேஸ்திரியிடம்தான் வந்து நிற்பார்கள். வயது நாற்பத்தெட்டு. மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்து, அடுத்தவர் வீட்டுச் சுவரைச் சுரண்டும் சித்தாளாக ஆரம்பித்தவள். இன்று அவள் கையின் கீழ் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். வாய் கொஞ்சம் நீளம்தான். வேலை சுத்தமாக இருந்தால் யார் அதைக் கணக்கில் எடுக்கப்போகிறார்கள்?

அவள் வீட்டு அலமாரியில் பன்னிரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். கட்டடம், ஓவியம், வீட்டுச் சாமான் என்று எந்தக் காலத்தில் எந்தப் பாணி வந்தது, ஏன் வந்தது என்று சொல்லும் ஆங்கிலப் புத்தகங்கள். ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு வெள்ளையடிக்கப் போனபோது, பூஞ்சை பிடித்துவிட்டதென்று வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். மலை ஈரம் அரிசியையே விடாது, காகிதத்தையா விடும்? "குளிர் காய எடுத்துட்டுப் போங்க" என்றார் வாட்ச்மேன். எடுத்துப் போனவள் தை மாத வெயிலில் ஒரு வாரம் மொட்டைமாடியில் காயப்போட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் பக்கம் பக்கமாகத் துடைத்தாள்.

எட்டாவது படித்தவளுக்கு அந்த ஆங்கிலம் வசப்படுமா? போனை மேலே பிடித்தால் தமிழாக்கித் தரும். அது தரும் தமிழைப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். தேவாலயச் சுவரை வெளியே தள்ளி நின்று தாங்கும் வளைவுத் தூணை அது 'பறக்கும் முட்டு' என்றது. வாசுகி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள், விளங்கிவிட்டது. இப்படியே படமும் போனுமாக ஐந்து வருடத்தில் ஏழு புத்தகத்தை முடித்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போது கூர்வளைவு ஜன்னலைக் கண்டால் பக்கத்து சீட்டுக்காரரிடம் அதன் ஜாதகத்தையே சொல்லுவாள்.

"மேஸ்திரி, இந்தக் கக்கூஸ் எந்தக் காலத்துப் பாணிங்க?" என்று வேலையாட்கள் சீண்டுவார்கள்.

"தண்ணி ஊத்தாதவங்க காலத்துப் பாணி. போய் ஊத்துங்க" என்பாள்.

போன பிப்ரவரியில் கொர்னேலியஸ் அவளைக் கூப்பிட்டார். எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல் குன்னூரில் அவருக்கு ஒரு பழைய மாடிவீடு உண்டு. மாடிச் சுவர் வெள்ளை, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள். மே மாத சீசனுக்குள் அதை டூரிஸ்ட்டுகள் தங்கும் வீடாக மாற்ற வேண்டும். ஆனால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கறுப்புச் சட்டம் இந்த மலையில் ஒரு பைத்தியம். நேற்றுக் கட்டிய சிமெண்ட் வீட்டிலும் நாலு பலகையை ஆணியடித்துக் கறுப்புப் பூசிவிட்டால் வெள்ளைக்காரன் பங்களா ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. வாசுகியே முப்பது வீட்டுக்கு அப்படிப் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். பலகைக்கு வழியில்லாத இடத்தில் வெறும் பெயிண்டிலேயே கோடு போட்டிருக்கிறாள். அதனால் கொர்னேலியஸ் வீட்டைக் கீழே நின்று ஒரு பார்வை பார்த்ததும் முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"பாருங்க சார். இங்கிலாந்துல அந்தக் காலத்துல மரந்தான் ஊட்டுக்கு எலும்பு. மரத்த நிறுத்திப்போட்டு நடுவுல செங்கல் அடைப்பாங்க. பின்னாடி வந்தவங்க ஆசைக்கு மேல பலகைய மட்டும் ஒட்டினாங்க. உங்க ஊடு இந்த ரெண்டாவது வகைங்க. சும்மா ஜோடனை. கழட்டிப்போட்டுப் பூசிட்டா மழை இறங்காது."

கொர்னேலியஸுக்கு வாய் பிளந்துவிட்டது. பெயிண்டர் புத்தகம் வைத்துப் பாடம் எடுத்தால் யாருக்குத்தான் பிளக்காது? அடுத்த வாரம் வியாழக்கிழமை சட்டங்களைக் கழற்றத் தச்சர் மாரிச்சாமியை ஏற்பாடு செய்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் வாசுகி சாரத்தில் ஏறினாள். ஆணித்தலை எங்கெங்கே இருக்கிறதென்று சுரண்டிக் குறித்துவைத்தால் மாரிச்சாமிக்குப் பிடுங்க வசதி என்பது அவள் எண்ணம். சட்டத்தின் ஒரு மூட்டில் சுரண்டினாள். கறுப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மறுபடியும் கறுப்பு. ஆணியைக் காணோம். மரமும் மரமும் சேருமிடத்தில் கட்டைவிரல் கனத்தில் வட்டமாக ஒரு மர முளை இருந்தது. அடுத்த மூட்டிலும் மர முளை. ஆறு மூட்டு சுரண்டிவிட்டாள். ஓர் இரும்பு ஆணி கிடைக்கவில்லை.

அவள் காட்டிய அதே பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு படம் உண்டு. எலும்பாக நிற்கும் மரத்துக்கு இப்படித்தான் மர முளை அடித்திருப்பார்கள். படத்தை நூறு தடவை பார்த்திருக்கிறாள். இந்த வீட்டைத்தான் ஒரு தடவைகூடக் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. தன் கையால் பொய்ச் சட்டமே அடித்து அடித்து, எந்தச் சட்டத்தைக் கண்டாலும் பொய் என்றே தோன்றும்படி ஆகிப்போயிருந்தது.

தப்பிக்க வழி இருந்தது. "கறுப்பு இருந்தாத்தான் சார் டூரிஸ்ட் வருவாங்க, அப்படியே உட்ருவோம்" என்றால் கொர்னேலியஸ் தலையாட்டுவார். மரமும் பிழைக்கும், இருபத்திரண்டு வருடம் ஏணியில் நின்று சம்பாதித்த பெயரும் பிழைக்கும். ஆனால் அடுத்த வருடம் மழை இறங்கும். வேறொருவன் வருவான். வாசுகி மேஸ்திரியே ஜோடனை என்றுதானே சொன்னார்கள் என்று ரம்பத்தை எடுப்பான். அவன் தலையில் மாடி இறங்கினால் யார் பதில் சொல்வது? சீ, இதற்கா புத்தகம் படித்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாரிச்சாமி மூன்று ஆட்களோடு வந்து இறங்கினார். வாசுகி அவருக்கும் முன்னால் வந்து கொர்னேலியஸோடு வாசலில் நின்றாள்.

"சார், நான் சொன்னது தப்புங்க. அது ஜோடனை இல்ல. அந்த மரந்தான் மாடியத் தாங்குது. கழட்டக் கூடாதுங்க."

மாரிச்சாமி சிரித்தார். "அம்மிணி, முப்பது வருசமா இந்த மலைல மரம் அறுக்கறேன். இந்தக் கறுப்புப் பலகை எல்லாமே மேல அடிச்சதுதான். நீயே எத்தனை அடிச்சிருக்கே?"

"அடிச்சதாலதாண்ணா கண்ணு மறைச்சுப்போச்சு."

கொர்னேலியஸுக்கு முகம் கடுத்துவிட்டது. "போன வாரம் புக்கைக் காட்டிக் கழட்டச் சொன்னீங்க. இன்னைக்குக் கழட்டாதீங்கங்கறீங்க. நான் எதைத்தான்மா நம்பறது?"

"புக்கையும் நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாங்க. மாடி ரூமுக்கு உள்ள வாங்க. ஒரே ஒரு செங்கல்ல எடுத்துப் பாத்துருவோம்."

மாடிப் படுக்கையறையில் பூச்சைத் தட்டி, மாரிச்சாமியே உளியால் ஒரு செங்கல்லைக் கிளப்பினார். அது வெளியே வந்ததும் ஓட்டை வழியாகத் தெருவும் எதிர்வீட்டுக் கொடித்துணியும் தெரிந்தன. சுவர் என்று இருந்தது அந்த ஒரு வரிசைச் செங்கல்தான். மேலே தட்டிப் பார்த்தார்கள். கூரை உத்தரத்தின் முனை நேராகக் கறுப்புச் சட்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது.

மாரிச்சாமி உளியைக் கீழே வைத்தார். "முதல்ல இந்த நடுச் சட்டத்தத்தான் அறுக்கறதா இருந்தேன், அம்மிணி. பசங்க மூணு பேரும் நேர் கீழதான் நின்னிருப்பானுங்க" என்றார்.

கொர்னேலியஸ் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் நிதானத்துக்கு வந்து, மழைக்கு என்ன வழி என்று கேட்டார். சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவே பழைய காரையைச் சுரண்டிச் சுண்ணாம்புக் கலவை அடைத்தால் போதும் என்றாள் வாசுகி. பதினைந்து நாளில் முடித்தும் கொடுத்தாள்.

படுக்கையறையில் செங்கல் எடுத்த இடத்தை மட்டும் அவள் திரும்பப் பூச விடவில்லை. கல்லைத் திரும்ப வைத்து, அந்த ஒரு சதுரத்தில் மரமும் மர முளையும் தெரியும்படி விட்டாள். வெள்ளை எனாமலில் சின்ன பிரஷ்ஷைத் தோய்த்து மரத்தின்மேல் எழுதினாள்: 'இது வீட்டைத் தாங்கும் மரம். கழட்டாதீர்கள். ஜோடனை என்று முதலில் சொன்னது நான். வாசுகி, பெயிண்ட் மேஸ்திரி, குன்னூர்.'

"கழட்டாதீங்கன்னு எழுதினாப் போதாதாம்மா? வர்ற போற டூரிஸ்ட்டெல்லாம் படிப்பாங்க. உங்க தப்பை எதுக்கு நீங்களே எழுதறீங்க?" என்றார் கொர்னேலியஸ்.

"வெறுமனே கழட்டாதீங்கன்னா எவன் சார் கேப்பான்? அடுத்து வர்றவனும் என்னாட்டம் நாலு எழுத்துப் படிச்சவனாத்தான் இருப்பான். படிச்சவளே ஏமாந்திருக்கான்னு தெரிஞ்சாத்தான் சொரண்டிப் பாப்பான்."

கொர்னேலியஸ், அவள் தேதி போட்டு முடிக்கும்வரை எனாமல் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.