கடைசியாக இறங்குகிறவள்

பதினேழாம் நம்பர் பஸ்ஸில் இருபத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவளுக்கு ஊரில் தெரியாத இடம் இருக்குமா? இருக்காது என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். விசிலக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கிற விசிலுக்காக டிப்போவில் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைக் கட்டின புருஷனே மறந்துவிட்டான் என்று கேலி செய்வார்கள்.

போன வருஷக் கடைசியில் முதுகெலும்பு மக்கர் செய்தது. எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், ஓடுகிற வண்டியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதோடு வேலை போயிற்று. ஆறு மாதம் வீட்டில் இருந்தாள் பாருங்கள், அந்த ஆறு மாதம் அவளுக்கும் நரகம், புருஷனுக்கும் நரகம். அவன் தையல்காரன். முன்னறையில்தான் மெஷின். துணி கொடுக்க வருகிறவர்களை எல்லாம் இவள் வாசலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, வழிய அடைக்காதீங்க" என்று நெருக்கித் தள்ளினாள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருமுனையில் பதினேழாம் நம்பர் திரும்பும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய் ஊர் சுற்றிக் காட்டும் கம்பெனிக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை அவன்தான் கத்தரித்துக்கொண்டு வந்தான். முதலாளியம்மா ஒரு நாள் கூடவே நடந்து வந்து பார்ப்பாள்; பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஒரு வாரம் அவன் காஜா எடுத்துக்கொண்டே கேள்வி கேட்டான், இவள் மனப்பாடம் செய்தாள். மணிக்கூண்டு கட்டின வருஷம், பாலத்தின் நீளம், நூலகத்தில் எத்தனை தூண். எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. மணிக்கூண்டைத் தாண்டித் தினமும் எட்டு நடை போய் வந்தவள், ஒரு நாள்கூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. கண்டக்டர் எங்கே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது? பார்த்ததெல்லாம் முகங்களும் நீட்டின கைகளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, ரயில் நிலையத்து வாசல். பதினோரு பேர் வந்திருந்தார்கள். முதலாளியம்மா கையில் ஒரு அட்டையும் பேனாவுமாகத் தள்ளி நின்றாள். விசிலக்கா தலைகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் கால் தன் பாட்டுக்கு அவளைக் கூட்டத்தின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. இரட்டை விசில் அடித்து, "போலாம்" என்றாள்.

யார் போவது? முன்னால் ஆள் இருந்தால்தானே! பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு ஏதோ ஒரு தைரியத்தில் நடந்து, இடப்பக்கம் திரும்ப வேண்டியவர்கள் வலப்பக்கம் திரும்பி, சைக்கிள் ரிப்பேர்ச் சந்துக்குள் புகுந்துவிட்டார்கள். முதலாளியம்மா அட்டையில் ஏதோ எழுதினாள். விசிலக்கா ஒற்றை விசில் அடித்து எல்லோரையும் நிறுத்தினாள். ஓடிப்போய் முன்னால் நின்றாள். நூறு அடி நடப்பதற்குள் பிடரி குறுகுறுத்தது, திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்ளவும் பார்த்தாள். பின்னால் யார் ஏறினார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று தெரியாமல் நடப்பதும் ஒரு நடையா?

கடைசியில், கூட்டத்தில் நெட்டையாக இருந்த ஒருவரைப் பிடித்தாள். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். "சார், இன்னைக்கு நீங்கதான் டிரைவர். ஒரு விசில்னா நில்லுங்க, ரெண்டுன்னா போங்க. திரும்புற எடத்துல நான் குரல் குடுக்கிறேன்" என்றாள். வாத்தியாருக்கு ஒரே குஷி, கையால் ஸ்டியரிங்கை வேறு சுற்றிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

பாலமும் நூலகமும் ஒருவழியாக முடிந்தன. தூண்களின் கணக்கை மறந்துபோய், சற்று உளறினாள். பிறகு மணிக்கூண்டு. நூற்று இருபது படி, குறுகலான சுழல் படிக்கட்டு. மேலே போய் ஊரைக் காட்டி விளக்கம் சொல்வதுதான் இந்த வேலைக்கே உயிர்நாடி என்று முதலாளியம்மா முதலிலேயே சொல்லியிருந்தாள். எல்லோரும் ஏறினார்கள், இவள் கடைசியில்.

அறுபதாவது படியில், சுவரோடு சுவராக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்கம்மா. நான் இங்கயே இருக்கேன், திரும்பி வரும்போது சேர்ந்துக்கறேன்" என்றார். வலியைவிட வெட்கம்தான் அவர் முகத்தில் அதிகமாக இருந்தது.

மேலேயிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது. எல்லோரும் வந்துவிட்டார்கள், கைடு எங்கே என்று கேட்டாள். விசிலக்கா ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள். போச்சு, வேலை போச்சு என்று தோன்றியது. புருஷன் கத்தரித்துக் கொண்டுவந்த அந்தக் காகிதத் துண்டு நினைவுக்கு வந்து கண் கலங்கியது. ஆனாலும் என்ன செய்ய? ஆளை நடுப்படியில் விட்டுவிட்டு விசில் அடிக்க அவளுக்குத் தெரியாது.

"வரலை மேடம். எல்லாரும் இன்னும் ஏறல" என்று மேலே பார்த்துச் சொன்னாள். பிறகு பெரியவரிடம், "ஐயா, இது பதினேழாம் நம்பர். பத்துப் படிக்கு ஒரு ஸ்டாப். மொத்தம் ஆறே ஸ்டாப்தான். ஸ்டாப்புக்கு ஸ்டாப் உக்காரலாம், டிக்கெட் கேக்க மாட்டேன்" என்றாள்.

பெரியவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

பத்துப் படி. "ஆஸ்பத்திரி." உட்கார்ந்தார்கள். இன்னொரு பத்து. "பெண்கள் பள்ளிக்கூடம்." அடுத்தது, "ஜெயில் ரோடு."

"இங்க எறங்க மாட்டேம்மா" என்றார் பெரியவர். அவர் சிரித்தது கல்சுவரில் மோதி மேலே போனது. தண்ணீர்த் தொட்டி வந்தது, மார்க்கெட் வந்தது. ஆறாவது ஸ்டாப்பின் பெயரை அவள் சொல்வதற்குள் மேலே நின்றவர்களே கோரஸாகக் கேட்டார்கள், அடுத்து என்ன ஸ்டாப் என்று. "டிப்போ" என்றாள், மூச்சு வாங்க.

மேலே காற்று அடித்தது. விசிலக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அடேயப்பா. அவள் இருபத்தோரு வருஷம் போன பாதை முழுசும் கீழே கிடந்தது. ஆஸ்பத்திரியின் பச்சைக் கூரை, பள்ளிக்கூடத்து மைதானம், மார்க்கெட்டின் தகரக் கொட்டகைகள், கோடியில் டிப்போ. மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. எந்த வீட்டு நர்ஸ் விடிகாலை முதல் வண்டியில் தூங்கிக்கொண்டே வருவாள், எந்த ஸ்டாப்பில் ஒரு பையன் மூன்று வருஷம் ஒரே பெண்ணுக்காகக் காத்திருந்து கடைசியில் கல்யாணப் பத்திரிகையோடு ஏறினான், அதைத்தான் சொன்னாள். ஒருவரும் போட்டோ எடுக்கக்கூட அசையவில்லை. பெரியவர் சுவரில் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இறங்கும் நேரம் வந்தது. வாத்தியார் முன்னால் போனார். ஒவ்வொரு தலையாக எண்ணி இறக்கிவிட்டாள். பதினொன்று. முதலாளியம்மா மட்டும் நின்றாள்.

"மணிக்கூண்டு கட்டின வருஷம் சொல்லவே இல்லையே?"

"மறந்துபோச்சு மேடம்."

"கீழ கல்லுலயே எழுதியிருக்கு, படிச்சுக்குவாங்க." முதலாளியம்மா பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "சனிக்கிழமை பதினெட்டு பேர். பாத்துக்குவீங்களா?"

வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று விசிலக்கா தலையை மட்டும் ஆட்டினாள். முதலாளியம்மா பழக்க தோஷத்தில், இவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள், கடைசியாகத் தான் இறங்கலாம் என்று.

விசிலக்கா நகரவில்லை. "முன்னாடி எறங்குங்க மேடம்" என்றாள். "பன்னெண்டாவது ஆள் நீங்க."