செயலாளர் கொண்டுவந்த இன்டர்நெட்

மொட்டை மாடியிலிருந்து மாடிப்படிச் சுவர் வழியாக இறங்கிய நீலக் கேபிளை எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும். செம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்த முதல் பிராட்பேண்ட் அதுதான், ஐயாவின் ஏற்பாடு. வேறு எந்தக் கம்பெனியும் எங்கள் மாடியில் ஒயர் இழுக்கக் கூடாது என்று கேபிள்காரருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பதிலுக்கு ஐயா வீட்டுக்கு மட்டும் கனெக்‌ஷன் இலவசம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மற்ற வீடுகளுக்கு விளையாட்டுச் சேனல்கள் சும்மா வந்துகொண்டிருந்தன. யாரும் வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்து அனுப்பும் வேலை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். வாயில் நுழையாத நோய்ப் பெயர்களை அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பழகுவாள். பதிவுகளைக் கம்பெனியின் சர்வரிலிருந்துதான் இறக்க வேண்டும். எங்கள் நீலக் கேபிளில் அந்த சர்வர் திறக்கவே திறக்காது.

"வூட்டு பிளான்ல மெயிலு, பிரௌசிங்கு, அவ்ளோதான் சார். ஆபீஸ் வேலைக்குன்னா தனி ரேட்டு கீது" என்றார் கேபிள்காரர்.

அந்தத் தனி ரேட்டு அவள் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். டெலிபோன் லைனில் இறக்கினால் பாதியில் அறுந்துபோகும், பில் மட்டும் முழுதாக வரும். எதையும் தடுக்காத லைனை இதைவிட மலிவாகத் தருகிறேன் என்று இன்னொரு கம்பெனிக்காரர் வந்து நின்றார். செயலாளர் மாடிச் சாவியைத் தரவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"நெட்டுன்னா மெயில் பாக்கறது, பரீட்சை ரிசல்ட் பாக்கறது. குடும்பத்துக்கு அதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி கேம்ப் ரோடு பிரௌசிங் சென்டருக்கு பஸ் பிடித்துப் போய் இறக்கிக்கொண்டு வந்தாள். வேலை தாமதமானது. கொஞ்ச நாளில் கம்பெனி அவளுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அந்த மனிதர்மேல் இன்றைக்கும் எனக்கு அருவருப்புதான். பெரிய கொள்ளைக்காரராக இருந்திருந்தாலாவது பயந்து தொலைத்திருக்கலாம். இவர் ஓசி கனெக்‌ஷனில் ராசிபலன் பார்ப்பதற்காக ஒரு கட்டடத்தையே அடகு வைத்த அற்பம்.

போன மாதம் சங்கத்தின் ஆண்டு விழாவில், கட்டடத்துக்கு இன்டர்நெட் கொண்டுவந்தவர் என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பொன்னாடையோடு, கேசரித் தட்டும் கையுமாக எங்களிடம் வந்தார்.

"நீங்ககூட வீட்லருந்தே ஏதோ டைப்பிங் வேலை பாத்தீங்க இல்லம்மா? ஏன் விட்டுட்டீங்க?"

நடிப்பே இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார். என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"விட்டிருக்கக் கூடாதும்மா. நெட் வசதிதான் நம்ம பில்டிங்லயே இருந்துதே" என்றார்.