பொன்முடி பஸ்ஸின் முதற்படி

இந்த ஊரில் நான் பஸ் படியருகே போய் நின்றால் போதும், யாரென்றே தெரியாத ஒருவர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். "பிடிக்கட்டே சேச்சி?" என்ற கேள்வி காதில் விழும்போது நான் ஏற்கெனவே பஸ்ஸுக்குள் இருப்பேன். "விடுங்கோ, நானே ஏறுவன்" என்று கத்தினால், பயத்தில் கத்துகிறேன் என்று இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். வன்னியில் இருக்கிற சொந்தங்களே, திருவனந்தபுரத்துச் சனங்கள் தங்கமானவர்கள். ஆனால் அந்தத் தங்கக் கைகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தூக்கப்பட்டே அலுத்துப்போனவள் நான். வன்னியில் ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது எனக்குப் பதினேழு வயது. அதன் பிறகு ஒவ்வொரு இடப்பெயர்விலும் சட்டி பானையோடு சேர்த்து என்னையும் டிராக்டரில் ஏற்றினார்கள். கூடாரங்களுக்கு நடுவே எங்களுக்கு நடை பழக்கிய அக்கா ஒருவர் இருந்தார். அவரும் எங்களைப் போல வீடிழந்து வந்தவர்தான். இரண்டு காட்டுத் தடிகளை இடுப்புயரத்தில் கட்டி, அவற்றைப் பிடித்தபடி பொய்க்காலோடு நடக்கவைப்பார். மறுபடி ஓடவேண்டி வந்தால் அந்தத் தடிகளைத்தான் முதலில் அவிழ்ப்பார். படி ஏறிப் பழக எங்களுக்குக் கிடைத்தது பங்கர் என்கிற பதுங்குகுழியின் படிகள் மட்டுமே. "ஏறேக்க நல்ல கால் முதல், இறங்கேக்க பொய்க்கால் முதல். மறந்தியோ, மூக்குத்தான் உடையும்" என்பார். ஒருநாள் ஷெல் கூவியபோது என்னைத் தூக்கப் பக்கத்தில் ஆளில்லை. நானே இறங்கினேன். சத்தம் ஓய்ந்ததும் நானே ஏறி வந்தேன். புகைகூட அடங்கவில்லை, அக்கா நின்று கைதட்டினார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது திருவனந்தபுரத்து வலியசாலையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். பழைய பொய்க்கால் தேய்ந்துபோனதால் அண்மையில் இங்கேயே புதுக்கால் செய்து பூட்டினார்கள். கூட வேலை செய்யும் நாகர்கோவில் செல்வி, ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குப் போவோம் என்றாள். என்னைத் தூக்குவதில் முதல் ஆள் அவள்தான்.

"நானா ஏறினா வருவன். ஆராவது தூக்கினா, திரும்பி வீட்டை போயிடுவன்" என்றேன்.

"பெரிய ராணி இவ!" என்று முகத்தை வெட்டினாள்.

தம்பானூரில் பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. முதற்படி என் முழங்கால் உயரத்தில் இருந்தது. கதவோரக் கம்பிகள் இரண்டையும் அந்தக் காட்டுத் தடிகளைப் பிடித்தது போலவே பிடித்தேன். வலது காலை மேலே வைத்தேன். உடம்பு எழவில்லை. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பில் பட்டது. அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"தொடாதீங்க! அவளே கேறிக்கிடுவா!" அடித்தவள் செல்வி.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "எந்தா, பிடிக்கண்டே?"

"வேண்டாம் சேட்டா. பெல்லு மட்டும் அடிச்சிராதிய, கேட்டியளா?" என்றாள் செல்வி.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். பொய்க்கால் பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஏறிவிட்டேன்! ஒருவரும் தூக்கவில்லை! சந்தோஷத்தில் அங்கேயே நின்று அழுதேன். கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, கண்டக்டர் ஓர் இளைஞரை எழுப்பி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். நானும் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

பொன்முடியில் இறங்கும்போதும் அக்கா சொன்ன முறைதான். திருவனந்தபுரத்தில் செய்த கால் முதலில் இறங்கி ஈர மண்ணில் ஊன்றி நின்றது. வன்னியில் பிறந்த கால் ஒரு கணம் படியிலேயே நின்றது. பிறகு அதுவும் இறங்கியது.