கலனுக்குப் பத்தியம் பார்க்கிறவர்

கலனிலிருந்து குவளையில் பிடித்த சேற்றை முதலில் காதோரம் வைத்துக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். கொதிக்கத் தொடங்கும் தண்ணீரைப் போல உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் லேசாகத் தலையாட்டுவார். அடுத்தது மூக்கு. புளிப்பைக் காட்ட நிறம் மாறும் சோதனைத் தாளுக்கு மூன்றாவது இடம்தான். "அது ஆபீசுக்கு. அவங்களுக்குக் கலர் காட்டணும். எனக்கு இவன் பேசினாலே போதும்," என்கிறார்.

'இவன்' என்பது காய்கறிச் சந்தையின் பின்சுவரை ஒட்டி இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் எரிவாயுக் கலன். முட்டைக்கோஸ் இலை, வாடிய கீரை, தண்டு, தோல் என்று சந்தை கழித்துப் போடுவதையெல்லாம் அரைத்துத் தண்ணீர் கலந்து குழியில் ஊற்றினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அதைச் செரித்து வாயுவாக்குகின்றன. அந்த வாயு குழாய் வழியாக மருத்துவமனைச் சமையலறைக்கும் பின்தெருவில் நாற்பது வீடுகளுக்கும் போகிறது. பதினோரு வருடமாக அதற்கு ஊட்டுகிறவர் இந்த அம்மா. வயது ஐம்பத்தொன்று. கணவருடைய பழைய ரப்பர் பூட்ஸின் முன்பக்கத்தில் துணியை அடைத்துப் போட்டிருக்கிறார். நடந்தால் ஆள் வருவதற்கு முன் சத்தம் வருகிறது.

சந்தையில் அவருக்கு 'மாமியார்' என்று பெயர். யார் கூடை கொண்டுவந்தாலும் கையை உள்ளே விட்டுக் கிளறி ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடுவார். "என்ன இது, பூரா எலுமிச்சத் தோலு? உன் வயித்துல போடுவியா இத?" அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள் என்பதால் வீட்டுக்கு மருமகள் வர வழியில்லை. "அந்தக் குறைய நாங்கதான் தீத்து வெக்கிறோம்," என்றார் அரைக்கும் இயந்திரத்தில் நிற்பவர். அவர் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

திங்களன்று கொஞ்சம், செவ்வாயன்று கொஞ்சம் கூட, சந்தை விடுமுறை நாளில் வெறும் தண்ணீர். எது எவ்வளவு என்று சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார். பழம் என்றால் ஒரு கூடைக்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டார். "இனிப்பு சீக்கிரம் புளிச்சிடும். புளிச்சா உள்ள இருக்கிறதுங்க செத்துடும். அப்புறம் இது வெறும் டிரம்மு." அவருடைய நாத்தனார் மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறார். இருவருக்கும் ஒரே வீடு. சமையலறையில் சுடர் கொஞ்சம் மஞ்சளாக எரிந்தாலும் சாயங்காலம் வீட்டில் கேள்வி வரும்: "அண்ணி, உங்க செல்லப் புள்ளைக்கு என்ன, சளி புடிச்சிருக்கா?"

இப்போது, இதைப் பற்றி எழுத வந்த எனக்குக் கோபம் வந்த கதைக்கு வருகிறேன்.

நாடு முழுவதும் உயிரி எரிசக்தித் தொழிலை வளர்க்க ஒரு வாரியம் இருக்கிறது. கூட்டாளிகளைச் சேர்ப்பது, முதலீடு கொண்டுவருவது அதன் வேலை. நல்ல வேலைதான். இந்தக் கலனை மாதிரியாகக் காட்டி எழுபது ஊர்களில் இதைப் போலவே கட்டுவது என்று திட்டம். பணம் போடுகிறவர்கள் ஒரு வியாழக்கிழமை நேரில் பார்க்க வருவதாக முடிவானது. வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது? கலன் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பானை. சமையலறையில் எரியும் சுடரோ உள்ளங்கை அகலம். புகைப்படத்துக்கு அது போதாதாம். ஆகவே முற்றத்தில் ஓர் உயரமான குழாயை நட்டார்கள். அதன் உச்சியில் வாயுவைத் திறந்துவிட்டுக் கொளுத்த வேண்டும். நோயாளிகளின் கஞ்சியைக் காய்ச்ச வேண்டிய வாயு, பகல் வெளிச்சத்தில், வானத்தைச் சூடாக்குவதற்கு.

அதற்கும் வாயு பற்றாது என்று கலனை நிர்வகிக்கும் மேலாளருக்குத் தோன்றியது. மூன்று லாரி அழுகிய பழத்துக்குச் சொல்லிவிட்டார். மாமியார் மறுத்தார். மேலாளர் வாதாடவில்லை. வெளியூரில் ஒரு பயிற்சி இருப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார். மூன்று நாள் பயிற்சி. தலைப்பு, 'அளவறிந்து ஊட்டுதல்'. சேற்றைத் தொட்டே பார்த்திராத ஒரு பையன் திரையில் படம் காட்டி, கலனுக்கு அதிகம் ஊட்டக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். அதே நேரத்தில் இங்கே பழத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை சுடர் பனைமர உயரத்துக்கு எழுந்ததாம். கைதட்டினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெள்ளிக்கிழமையும் எரிந்தது. சனிக்கிழமை காலையில் மாமியார் திரும்பி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள போகவே வேணாம். தெருவுக்கே புளிச்ச வாட." அன்று மாலை நாற்பது வீட்டு அடுப்பும் அணைந்தது. மறுநாள் மருத்துவமனை.

முப்பத்தெட்டு நாள். அவ்வளவு காலம் ஆயிற்று அதை மீட்க. புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். ஊட்டுவதை அடியோடு நிறுத்தினார். ஊருக்கு வெளியே உள்ள மாட்டுப் பண்ணையிலிருந்து வாளி வாளியாகச் சாணம் கொண்டுவந்து, கரைத்து, வடிகட்டி, புது உயிர்கள் பெருகட்டும் என்று உள்ளே விட்டார். பேருந்தில் அந்த வாளியோடு ஏறினால் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? கடைசி இருக்கை முழுவதும் அவருக்கே என்று நடத்துநர் ஒதுக்கிவிட்டார். வீட்டில் நாத்தனார், விறகடுப்புப் புகையில் சிவந்த கண்ணோடு வந்து நின்று, "இருநூறு பேருக்கு ஊதி ஊதிச் சமைக்கிறேன் அண்ணி. நீங்க பயிற்சிக்குப் போய் என்ன கத்துக்கிட்டு வந்தீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க," என்று கேட்டாராம். மாமியார் அவர் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிக் கழுவி வைத்தார்.

அந்த ஒப்பந்தத்தை நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பக்கம். அட்டையில் பனைமர உயரச் சுடர். கூட்டாண்மை என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கலனுக்கு யார் ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்று ஒரு வரி கிடையாது. நான் சுற்றிவந்த நாடுகளிலும் இப்படிப்பட்ட கலன்களைப் பார்த்திருக்கிறேன். திறப்புவிழாக் கல் பளபளவென்று இருக்கும். கலனின் உச்சியில் காக்கை கூடு கட்டியிருக்கும். எந்திரம் சரியில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள். எந்திரத்துக்கு என்ன கேடு? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரிந்த ஆளின் வாயை அடைத்தார்கள், அவ்வளவுதான்.

மாமியார் முதலீட்டுக்கு எதிரி என்று மேலாளர் சொல்லித் திரிகிறார். நான் மாமியாரிடமே கேட்டேன். "எழுபது என்ன, எழுநூறு கட்டட்டும். வேணாங்கறேனா? குப்பை குப்பையாவே கெடந்து நாறுறதுக்கு இது எவ்வளவோ மேலு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல. அதப் பாத்துக்கிற ஆளு பேச்சுக்கு மதிப்பு உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

முப்பத்தெட்டாம் நாள் மாலை அடுப்புகள் மறுபடி எரிந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு நான் போனபோது மேலாளர் முற்றத்தில் நின்றிருந்தார். மறுபடி ஒரு குழு வருகிறது. முதல் தவணைப் பணத்தை விடுவிக்கும் முன் சுடரைப் பார்க்க வேண்டுமாம். பழ லாரி ஒன்று வாசலைத் தாண்டி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இந்தத் தடவ கொஞ்சம்தாம்மா. ரெண்டே லோடு," என்றார் மாமியாரிடம்.

"கொஞ்சமா விஷம் குடிங்கன்னு யாராவது சொல்லுவாங்களா சார்? இன்னும் எந்திரிச்சு உக்காரவே இல்ல அது. இப்ப கொட்டுனா அப்புறம் நானே வந்தாலும் முடியாது."

"எழுபது ஊருக்கு வர்ற முதலீடு உங்களால நின்னுச்சுன்னு பேரு வரணுமா? யோசிச்சுப் பேசுங்க."

மாமியார் பூட்ஸ் சத்தத்தோடு நடந்துபோய் ஊட்டுக் குழியின் இரும்பு மூடியை இழுத்து மூடினார். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தார். லாரியின் பின்பக்கம் அவர் முதுகுக்கு ஆறடி தூரத்தில் வந்து நின்றது.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "மாமியாரே, எந்திரிங்க. எனக்கு இன்னும் ஒரு நடை இருக்கு."

"சாப்பிடறேன்ல. கண்ணு தெரியல?"

"காலைல பத்து மணிக்கா?"

"பசிச்சா சாப்பிடுவேன். பசிக்கலன்னா வாயத் தொறந்து யாரும் திணிக்க முடியாது." ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டுல அடுப்பு எரியுதா?"

ஓட்டுநர் வீடு பின்தெருவில், அந்த நாற்பதில் ஒன்று. "நேத்துதான் எரிஞ்சது."

"போன தடவ பழம் கொண்டாந்தது யாரு?"

"சார் சொன்னாரு, கொட்டுனேன். பழம் கொட்டுனா அடுப்பு அணைஞ்சிடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப தெரியும்ல."

"வண்டிய எடுப்பா, அந்தம்மாவ நான் பாத்துக்கறேன்," என்றார் மேலாளர், கைபேசியில் யாரையோ அழைத்தபடி. ஓட்டுநர் அவரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு ஏறிப்போய் எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையைப் பிசைந்தபடி இறங்கி வந்து நின்றார்.

மாமியார் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சற்று நகர்ந்து உட்கார்ந்தார். மூடியின் மறுபாதியை முந்தானையால் துடைத்துவிட்டார்.